பெருங்குடல் புற்றுநோயில் நிணநீர்க்கணு எதிர்வினை வீக்கம்

பெருங்குடல் புற்றுநோயில் நிணநீர்க்கணு எதிர்வினை வீக்கம் என்பது, பெருங்குடலில் புற்றுநோய் கொண்ட ஒருவரின் நிணநீர்க்கணுக்கள், அவற்றினுள் புற்றணுக்கள் ஏதும் புகாத போதிலும், பருத்தோ உருமாறியோ காணப்படும் நிலையைக் குறிக்கும். இது தீங்கற்ற மாற்றமாகும். எனினும் கதிர்ப்படங்களிலும், அறுவையின்போது தொட்டுப் பார்க்கையிலும், சில வேளைகளில் நுண்ணோக்கியின் கீழும் கூட, இது புற்றுநோய் பரவிய கணுவைப் போலவே தோற்றமளிக்கக் கூடியது. இதனால் நோய் உண்மையில் உள்ளதைவிட முற்றியதாகக் கணிக்கப்படும் வாய்ப்பு உண்டு. நோய்நிலைக் கணிப்பைக் கொண்டே சிகிச்சை முடிவு செய்யப்படுவதால், இவ்வேறுபாட்டைச் சரியாக அறிதல் பெருங்குடல் புற்றுநோய் மருத்துவத்தில் இன்றியமையாத ஒன்றாகக் கருதப்படுகிறது.

சிடி வருடல் அறிக்கைகளில் "குறிப்பிடத்தக்க அளவில் பருத்த நிணநீர்க்கணுக்கள்" என்ற தொடர் அடிக்கடி இடம்பெறுகிறது. இதைப் படிக்கும் நோயாளிகள் பலரும் புற்றுநோய் பரவிவிட்டது என்றே பொருள் கொள்கின்றனர். அத்தொடர் கணுவின் அளவை மட்டுமே குறிக்கிறது. அதனுள் இருப்பது எது என்பதை அன்று.

நிணநீர்க்கணுவின் அமைப்பு

நிணநீர்க்கணு என்பது அவரை விதை வடிவில் அமைந்த சிறிய உறுப்பு. மனித உடலில் இவை பல நூறு உள்ளன. திசுக்களிலிருந்து வடியும் நிணநீர், கணுவின் குவிந்த பக்கத்தில் பல நுண்குழாய்கள் வழியாக நுழைந்து, உறைக்குக் கீழுள்ள குடாவில் பரவி, கணுவினூடே வடிகட்டப்பட்டு, குழிந்த பக்கத்தின் வழியே வெளியேறுகிறது. கணுவின் புறணிப் பகுதியில் பி வகை நிணநீர் அணுக்கள் உருண்டைத் தொகுதிகளாக அமைந்துள்ளன. இவை நுண்கணுக்கள் எனப்படும். அவற்றுக்கும் அகணிக்கும் இடைப்பட்ட பகுதியில் டி வகை நிணநீர் அணுக்கள் மிகுந்துள்ளன. குடாக்களில் பெருவிழுங்கிகள் எனப்படும் உயிரணுக்கள், நிணநீரில் வரும் கழிவுகளையும் நுண்ணுயிரிகளையும் விழுங்கிச் செரிக்கின்றன.

பெருங்குடலின் நிணநீர்க்கணுக்கள் அதைத் தாங்கும் கொழுப்பு மடிப்பில் படிப்படியாக அமைந்துள்ளன. குடற்சுவரை ஒட்டியவை, குடலின் ஓரமாக ஓடும் இரத்தக் குழாயை அடுத்தவை, கிளைத் தமனிகளின் நெடுகே உள்ளவை, இறுதியாக மேல், கீழ் நடுமடிப்புத் தமனிகளின் தொடக்கத்தில் உள்ள முதன்மைக் கணுக்கள் என்று இவற்றை வரிசைப்படுத்தலாம். இவற்றுக்கும் அப்பால், முதுகெலும்பின் முன்புறம் பெருந்தமனியை ஒட்டியுள்ள கணுக்கள் பெருங்குடலின் வட்டாரக் கணுக்களாகக் கொள்ளப்படுவதில்லை. இப்பிரிவினை சிகிச்சையில் மிகப் பெரிய வேறுபாட்டை உண்டாக்குவதாகும்.

புற்றணுவும் அதே பாதையில்தான் வருகிறது. நிணநீரோடு அடித்து வரப்படும் புற்றணு முதலில் தங்கும் இடம் பெரும்பாலும் உறைக்குக் கீழுள்ள குடாவே. ஆனால் அப்புற்றணு வருவதற்கு முன்பே, கட்டியிலிருந்து உதிரும் புரதங்களும், இறந்த உயிரணுக்களின் எச்சங்களும், புண்பட்ட குடற்சுவர் வழியே நுழையும் பாக்டீரியாக்களும் அக்கணுவை வந்தடைந்து விடுகின்றன. கணு அவற்றுக்கு எதிராகச் செயற்படத் தொடங்குகிறது, அதன் உயிரணுக்கள் பெருகுகின்றன, கணு பருக்கிறது. அதாவது, கணு தன் இயல்பான பணியைச் செய்வதன் அடையாளமே இவ்வீக்கம்.

நோய்நிலை வகைப்பாட்டில் இதன் இடம்

இலண்டன் புனித மாற்கு மருத்துவமனையின் நோயியல் வல்லுநரான கத்பர்ட் டியூக்ஸ் 1932-ஆம் ஆண்டு மலக்குடல் புற்றுநோயை ஏ, பி, சி என மூன்றாகப் பகுத்தார். குடற்சுவரைக் கடந்ததா என்பது ஏ-யையும் பி-யையும் பிரித்தது. நிணநீர்க்கணுவில் புற்று உள்ளதா என்பதே சி-யைப் பிரித்தது. பின்னர் வந்த டி.என்.எம். முறையும் இக்கருத்தைத் தக்கவைத்துக் கொண்டது. 2018-ஆம் ஆண்டு தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த அதன் எட்டாம் பதிப்பின்படி, 1 முதல் 3 வட்டாரக் கணுக்களில் புற்று இருப்பின் என்-1 என்றும், 4 அல்லது அதற்கு மேற்பட்டவற்றில் இருப்பின் என்-2 என்றும் குறிக்கப்படும். கணுவில் புற்று இல்லாத நோய் முதல் அல்லது இரண்டாம் நிலை. ஒரே ஒரு கணுவில் இருந்தாலும் மூன்றாம் நிலை. பெருந்தமனியை ஒட்டிய கணு போன்ற தொலைக் கணுவில் இருந்தால் நான்காம் நிலை.

இரண்டாம் நிலை நோயாளிகளில் பலருக்கு அறுவை மட்டுமே போதுமானது. மூன்றாம் நிலையினருக்கு அறுவைக்குப் பின் வேதிச்சிகிச்சை வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுகிறது. 2004-இல் வெளியான மொசைக் ஆய்வுக்குப் பிறகு, ஃப்ளூரோயுராசில் மருந்துடன் ஆக்சாலிபிளாட்டினைச் சேர்த்துக் கொடுப்பது பரவலாயிற்று. ஆக்சாலிபிளாட்டின் நரம்புகளைத் தாக்கக் கூடியது. விரல் நுனிகளிலும் பாதங்களிலும் ஏற்படும் மரமரப்பு சிலருக்குச் சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் வரை நீடிக்கிறது. தேவைப்படுவோருக்கு இது ஏற்கத்தக்க விலை. தேவையில்லாதவருக்கு அவ்வாறன்று. 2018-இல் வெளியான ஐடியா கூட்டாய்வு, இடர் குறைந்த மூன்றாம் நிலையினர் பலருக்கு 6 மாதத்திற்கு மாறாக 3 மாதச் சிகிச்சையே போதும் என்று காட்டியதற்கும் இந்நரம்புப் பாதிப்பைக் குறைக்கும் நோக்கமே அடிப்படை.

எனினும் இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. வட்டாரக் கணுக்களைப் பொறுத்தவரை, அறுவைக்கு முன் எடுத்த படம் தவறாகக் காட்டினாலும் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை. அறுவை மருத்துவர் கட்டியுள்ள குடற்பகுதியை அதன் கொழுப்பு மடிப்போடும் கணுக்களோடும் முழுமையாகவே அகற்றுகிறார். ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் வளர்த்தெடுக்கப்பட்டு 2009-இல் விரிவாக அறிவிக்கப்பட்ட முழு மடிப்பு நீக்க முறையும் இதையே வலியுறுத்துகிறது. அகற்றிய கணுக்களை நோயியல் வல்லுநர் ஆராய்ந்து உண்மை நிலையைக் கூறிவிடுவார். தவறு திருத்தப்படாமல் போவது இரு சூழல்களில்தான். ஒன்று, அகற்றப்படாத தொலைக் கணு பருத்திருப்பதைக் கண்டு, நோய் நான்காம் நிலையை எட்டிவிட்டதாகக் கருதி, குணமாக்கும் அறுவையைக் கைவிடுவது. மற்றொன்று, படத்தை மட்டுமே நம்பி அறுவைக்கு முன்னரே மருந்துச் சிகிச்சையைத் தொடங்குவது. முன்னது அரிது, ஆனால் நேர்ந்தால் ஈடுசெய்ய முடியாதது.

காரணங்கள்

மிகப் பொதுவான காரணம் கட்டியேதான். பெரிய, புண்பட்ட, அழற்சி மிகுந்த கட்டிகளை அடுத்த கணுக்கள் பருத்தே காணப்படும். குடல் அடைப்பு, குடற்சுவரில் துளை, கட்டியைச் சுற்றிய சீழ்க்கட்டி ஆகியன இவ்வீக்கத்தை மேலும் கூட்டும். அடைப்பை நீக்க வைக்கப்படும் உலோகக் குழாயும் அழற்சியைத் தூண்டலாம்.

கட்டியின் மரபணுத் தன்மை தனியே கூறத்தக்கது. பெருங்குடல் புற்றுநோய்களில் சுமார் 15 விழுக்காடு, டி.என்.ஏ. படியெடுப்பில் நேரும் பிழைகளைத் திருத்தும் புரதங்களை இழந்தவை. இவை மைக்ரோசாட்டிலைட் நிலையின்மை கொண்ட கட்டிகள் எனப்படும். மரபுவழி வரும் லிஞ்ச் நோய்த்தொகையில் தோன்றும் கட்டிகளும் இவ்வகையினவே. பிழைகள் திருத்தப்படாததால் இக்கட்டிகள் இயல்பிற்கு மாறான புரதங்களை ஏராளமாக உருவாக்குகின்றன. உடலின் எதிர்ப்பாற்றல் அவற்றை எளிதில் இனங்கண்டு கடுமையாகத் தாக்குகிறது. கட்டியினுள் நிணநீர் அணுக்கள் மொய்த்துக் கிடக்கும். வட்டாரக் கணுக்கள் எண்ணிக்கையிலும் அளவிலும் மிகுந்திருக்கும். ஆயினும் இவ்வகைக் கட்டிகள் கணுக்களுக்குப் பரவுவது ஒப்பீட்டளவில் குறைவு. வலப்புறப் பெருங்குடலில் பெரிய கட்டியும் அதைச் சுற்றிப் பருத்த கணுக்களும் கொண்ட ஒருவரின் அகற்றப்பட்ட கணுக்கள் அனைத்தும் புற்றற்றவையாக இருப்பது நோயியல் ஆய்வகங்களில் புதுமையன்று. படம் மிகவும் அச்சுறுத்தும் இடத்தில் நோய் மென்மையாக இருக்கக் கூடும் என்பது இதன் முரண்.

காசநோய் மற்றொரு முதன்மையான காரணமாகும். உலகிலேயே காசநோயாளிகள் மிகுதியாக உள்ள நாடு இந்தியா. தென்னாப்பிரிக்கா, இந்தோனேசியா, பிலிப்பைன்சு போன்ற நாடுகளிலும் இது பரவலாக உள்ளது. வயிற்றுக் காசநோய் பெரும்பாலும் சிறுகுடலும் பெருங்குடலும் கூடும் இடத்தையும் அதன் கணுக்களையும் பற்றுகிறது. அவ்விடமே வலப்புறப் பெருங்குடல் புற்று தோன்றும் இடமும் ஆகும். காசநோய்க் கணுவின் நடுப்பகுதி பாலாடைக்கட்டி போலச் சிதைவதால், சிடி படத்தில் நடுவில் கருமையும் விளிம்பில் ஒளிர்வும் தோன்றும். சிதைந்த புற்றுக் கணுவும் இதே தோற்றத்தைத் தரும். இரு நோய்களும் ஒருவரிடமே, ஏன் ஒரே கணுவிலேயே கூட, அமைந்திருந்த நேர்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. ஆகவே ஒன்றைக் கண்டுபிடித்தவுடன் மற்றொன்றைத் தேடாமல் விடுவது சரியன்று.

காசநோய்க் கிருமி ஏதுமின்றியே, புற்றுநோயை அடுத்த கணுக்களில் கிரானுலோமா எனப்படும் குறுமணித் தொகுதிகள் தோன்றுவதும் உண்டு. இது சார்க்காய்டு போன்ற எதிர்வினை எனப்படும். 1986-இல் வெளியான ஒரு திறனாய்வு, புறத்தோலியப் புற்றுநோய்களில் சுமார் 4.4 விழுக்காட்டில் இது காணப்படுவதாகக் கணக்கிட்டது. சார்க்காய்டோசிஸ் என்னும் தனி நோய்க்கும் இதற்கும் நுண்ணோக்கித் தோற்றத்தில் வேறுபாடு இல்லை.

மருத்துவச் செயல்முறைகளும் கணுக்களை மாற்றுகின்றன. சிறிய கட்டியை அறுவையின்போது எளிதில் கண்டறிய, உள்நோக்கி வழியாகக் குடற்சுவரில் கரிமை செலுத்தி அடையாளமிடுவது வழக்கம். தொடக்கத்தில் இதற்கு எழுதுவதற்கான இந்திய மையே பயன்பட்டது. அம்மையின் கரித்துகள்களைப் பெருவிழுங்கிகள் விழுங்கிக் கணுக்களுக்குக் கொண்டு செல்ல, கணுக்கள் கன்னங்கரேலெனக் காட்சியளிக்கும். முன் விவரம் அறியாதவர் இதைக் கரும்புற்றாகக் கருதி மருளக் கூடும். மற்றபடி இது பயனுள்ளதே. கறுத்த கணுக்களைக் கொழுப்பினுள் தேடி எடுப்பது எளிது.

பெருங்குடல் அழற்சி நோய்கள், குடற்பைகளின் அழற்சி, எச்.ஐ.வி. தொற்று, யெர்சினியா போன்ற பாக்டீரியாத் தொற்றுகள் ஆகியனவும் நடுமடிப்புக் கணுக்களைப் பருக்கச் செய்யும். 1956-இல் பெஞ்சமின் காசில்மன் குழுவினர் விரிவாக விவரித்த காசில்மன் நோயும், 1969-இல் ரோசாய், டார்ஃப்மன் ஆகியோர் விவரித்த ரோசாய்–டார்ஃப்மன் நோயும் மிக அரிதாக இப்பட்டியலில் சேரும்.

திசு அமைப்பின் அடிப்படையில் வகைகள்

நுண்ணோக்கியில் இவ்வெதிர்வினை பொதுவாக மூன்று வடிவங்களில் அமைகிறது. பி அணுக்களின் நுண்கணுக்கள் பெருகிப் பருத்தல் முதல் வகை. டி அணுக்களின் இடைப்பகுதி விரிதல் இரண்டாம் வகை. குடாக்கள் விரிந்து அவற்றில் பெருவிழுங்கிகள் நிறைதல் மூன்றாம் வகை. இது சைனஸ் ஹிஸ்டியோசைட்டோசிஸ் எனப்படும். பெரும்பாலான கணுக்களில் இவை கலந்தே காணப்படும். இவற்றுள் மூன்றாவதே புற்றணுவோடு குழப்பிக் கொள்ளப்படுவது. ஏனெனில் புற்றணு முதலில் குடியேறும் குடாக்களிலேயே இவ்வணுக்களும் குவிகின்றன.

கதிர்ப்படங்களும் அளவு என்னும் அளவுகோலும்

சிடி படங்களில் கணுவின் குறுக்கு விட்டம் 1 செ.மீ.-ஐ எட்டினால் ஐயத்திற்குரியது எனக் கொள்வது நெடுநாள் வழக்கம். கட்டிகளின் மாற்றத்தை அளப்பதற்காக 2009-இல் வெளியான ரெசிஸ்ட் 1.1 நெறிமுறை, குறுக்கு விட்டம் 10 மி.மீ.-க்குக் குறைந்த கணுவை இயல்பானதாகவும், 15 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்டதை அளக்கத்தக்க நோய்க் கணுவாகவும் கொள்கிறது. அந்நெறிமுறை மருந்தாய்வுகளில் அனைவரும் ஒரே விதமாக அளப்பதற்காக உருவானது. தனி நோயாளி ஒருவரின் கணுவில் புற்று உண்டா என்பதைத் தீர்மானிக்க அது உருவாக்கப்படவில்லை.

பெருங்குடலில் அளவு ஒரு நம்பகமான அளவுகோல் அன்று. அகற்றப்பட்ட கணுக்களை ஒவ்வொன்றாக அளந்த ஆய்வுகள், புற்று பரவிய கணுக்களில் பல 5 மி.மீ.-க்கும் சிறியவை என்பதையும், 1 செ.மீ.-க்கு மேற்பட்ட கணுக்களில் பல புற்றற்றவை என்பதையும் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. எல்லையைக் குறைத்தால் தீங்கற்றவை ஐயத்திற்கு உள்ளாகும். கூட்டினால் புற்றுள்ளவை தப்பிவிடும். எந்த எல்லையும் இரண்டையும் ஒருசேரத் தீர்ப்பதில்லை.

ஆகவே வடிவமும் கருதப்படுகிறது. ஒழுங்கற்ற விளிம்பு, சீரற்ற உட்புறம், உருண்டை வடிவம், பல கணுக்கள் ஓரிடத்தில் திரளுதல் ஆகியன புற்றுக்குச் சார்பான குறிகள். நடுவே கொழுப்பு தெரிதல், அவரை வடிவம், மென்மையான விளிம்பு ஆகியன தீங்கின்மைக்குச் சார்பானவை. மலக்குடலில் காந்த ஒத்ததிர்வுப் படத்திற்காக ஐரோப்பியக் கதிரியல் வல்லுநர்கள் அளவையும் வடிவத்தையும் இணைத்து வகுத்த விதிகள் உள்ளன. அதன்படி 9 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட கணு அளவாலேயே ஐயத்திற்குரியது. 5 முதல் 8 மி.மீ. வரையுள்ளவற்றுக்கு இரண்டு வடிவக் குறிகளும், அதனினும் சிறியவற்றுக்கு மூன்றும் தேவை. அசையும் பெருங்குடலுக்கு இவ்விதிகளை அப்படியே பொருத்த இயலாது.

பெட் வருடல்

பெட் வருடலில் கதிரியக்க ஃப்ளூரின் இணைத்த குளுக்கோசு உடலில் செலுத்தப்படுகிறது. புற்றணுக்கள் குளுக்கோசை மிகுதியாக ஏற்பதால் படத்தில் ஒளிர்கின்றன. ஆயின் செயல்படும் பெருவிழுங்கிகளும் நிணநீர் அணுக்களும் அவ்வாறே குளுக்கோசை ஏற்கின்றன. காசநோய்க் கணுவும் சார்க்காய்டு கணுவும் புற்றுக் கணுவுக்குச் சற்றும் குறையாமல் ஒளிரக் கூடும். சிறிய கணுக்களில் உள்ள புற்றும், சளி மிகுந்த புற்றும் ஒளிராமல் போவதும் உண்டு. எனவே ஒளிர்வு என்பது அக்கணுவில் வளர்சிதைமாற்றம் மிகுந்துள்ளது என்பதை மட்டுமே தெரிவிக்கிறது.

2021-ஆம் ஆண்டு கோவிட்-19 தடுப்பூசி உலகெங்கும் பெருமளவில் போடப்பட்டபோது இது பலருக்கும் கண்கூடாயிற்று. ஊசி போட்ட கையின் அக்குளிலும், சில வேளை காறையெலும்பின் மேற்புறத்திலும் உள்ள கணுக்கள் பெட் படத்தில் ஒளிர்ந்தன. அவசரமற்ற படங்களைத் தடுப்பூசிக்குப் பின் சில வாரங்கள் தள்ளிவைக்கலாம் எனக் கதிரியல் அமைப்புகள் அறிவுறுத்தின. பெருங்குடல் புற்று அக்குளுக்குப் பரவுவது மிக அரிது என்பதால் அங்கு குழப்பம் குறைவு. இடப்பக்கக் காறையெலும்புக்கு மேலுள்ள கணு அவ்வாறன்று. வயிற்றுப் புற்றுநோய்கள் அங்கு பரவுவதை 19-ஆம் நூற்றாண்டிலேயே ருடால்ஃப் விர்ச்சோ குறிப்பிட்டுள்ளார். அக்கணு இன்றும் அவர் பெயரால் வழங்கப்படுகிறது. காசநோயும் கழுத்துக் கணுக்களையே விரும்பிப் பற்றுவது. ஆகவே அக்கணுவை ஊசியால் சோதிக்காமல் நோய் பரவியதாக முடிவு கட்டுவது முறையாகாது. தோலுக்கு அடியிலேயே இருப்பதால் அதைச் சோதிப்பதும் எளிது.

நுண்ணோக்கியில் ஏமாற்றும் தோற்றங்கள்

நுண்ணோக்கியே இறுதித் தீர்ப்பு எனப் பொதுவாகக் கூறப்பட்டாலும், அங்கும் சில பொறிகள் உள்ளன. சைனஸ் ஹிஸ்டியோசைட்டோசிஸில் பெருவிழுங்கிகள் சில வேளை உள்ளே குமிழிகள் நிறைந்து, உட்கரு ஓரமாக ஒதுங்கி, முத்திரை மோதிரம் போன்ற வடிவம் பெறும். பெருங்குடலில் முத்திரை மோதிர வடிவப் புற்று என்றொரு கொடிய வகையும் உண்டு. இரண்டையும் சாதாரணச் சாயத்தில் பிரித்தறிவது அனுபவம் மிக்கவருக்கும் கடினமாக அமையலாம்.

வயிற்றறையின் உட்சவ்வு அணுக்கள் அழற்சியின்போது உதிர்ந்து நிணநீரோடு கணுவின் குடாக்களில் வந்து தங்குவதுண்டு. பெண்களின் இடுப்பு, வயிற்றுக் கணுக்களில் கருப்பை உட்படலத் திசுவோ, கருக்குழாயின் உட்படலத்தை ஒத்த சிறு சுரப்பிகளோ தீங்கற்ற நிலையில் காணப்படலாம். சுரப்பி வடிவமே பெருங்குடல் புற்றின் வடிவமும் என்பதால் இவை குழப்பத்தை உண்டாக்குகின்றன. மிக அரிதாக, கடும் குடல் அழற்சியை அடுத்து இயல்பான குடற்சுரப்பிகளே கணுவினுள் இடம்பெயர்ந்த நேர்வுகளும் அறியப்பட்டுள்ளன. அறுவைக்கு முன் மருந்துச் சிகிச்சை பெற்றவர்களின் கணுக்களில் உயிரணு ஏதுமற்ற சளித் தேக்கங்கள் எஞ்சியிருக்கலாம். புற்று இருந்து அழிந்த இடங்களாக இவை கருதப்படுகின்றன. எஞ்சிய புற்றாக எண்ணப்படுவதில்லை.

இத்தகைய ஐயங்களில் பிறபொருளெதிரிகளைக் கொண்டு சாயமேற்றும் முறை உதவுகிறது. பெருங்குடல் புற்றணுக்கள் பெரும்பாலும் கெரட்டின்-20, சி.டி.எக்ஸ்.-2, சாட்-பி-2 ஆகிய புரதங்களைக் காட்டும். பெருவிழுங்கிகள் இவற்றைக் காட்டாமல் சி.டி.-68, சி.டி.-163 ஆகியவற்றைக் காட்டும். உட்சவ்வு அணுக்கள் கால்ரெட்டினினையும், கருப்பை சார்ந்த திசுக்கள் பாக்ஸ்-8-ஐயும் காட்டும். பொதுக் கெரட்டின் சாயத்தை மட்டும் நம்புவது தவறாகலாம். கணுவின் இயல்பான வலைத்திசு அணுக்கள் சிலவும் உட்சவ்வு அணுக்களும் அச்சாயத்தை ஏற்கும். சாயம் ஏறியது என்பதால் மட்டும் அது புற்றாகிவிடாது. அணுவின் வடிவமும் அமைவிடமும் சேர்த்தே பார்க்கப்படல் வேண்டும்.

கணுவில் உள்ள புற்றின் அளவும் கணக்கில் கொள்ளப்படுகிறது. 0.2 மி.மீ.-க்கு உட்பட்ட தனித்த அணுக்கள் மட்டும் இருப்பின் அக்கணு புற்றற்றதாகவே வகைப்படுத்தப்படும். 0.2 முதல் 2 மி.மீ. வரையுள்ளவை நுண்பரவல் எனப்பட்டு, புற்றுள்ள கணுவாக எண்ணப்படும்.

உறுதிப்படுத்தும் முறைகள்

அகற்றப்பட்ட குடற்பகுதியில் குறைந்தது 12 கணுக்களாவது ஆராயப்பட வேண்டும் என்பது பன்னாட்டளவில் ஏற்கப்பட்ட நெறி. நோயியல் வல்லுநர் கொழுப்பை விரல்களால் தடவியும் மெல்லிய துண்டுகளாக வெட்டியும் கணுக்களைத் தேடுகிறார். பருத்த எதிர்வினைக் கணுக்கள் எளிதில் கைக்கு அகப்படும். புற்றுள்ள 3 மி.மீ. கணு அகப்படாமல் போகலாம். இதனால்தான் பெரியவற்றை மட்டும் எடுத்துப் பார்ப்பது போதுமானதாகக் கருதப்படுவதில்லை. 12-க்குக் குறைவான கணுக்களே கிடைத்த இரண்டாம் நிலை நோய், இடர் மிகுந்ததாகக் கொள்ளப்பட்டு வேதிச்சிகிச்சை பற்றி ஆலோசிக்கப்படுகிறது.

தொலைக் கணுக்களுக்கு ஊசித் திசு ஆய்வே வழி. சிடி வழிகாட்டலுடனோ, உள்நோக்கியோடு இணைந்த மீயொலி மூலமோ ஊசி செலுத்தப்படுகிறது. ஊசி எட்டாத இடமாயின் அறுவையின்போதே கணுவை எடுத்து உறைநிலையில் வெட்டிப் பார்க்கலாம். காசநோய் ஐயம் இருப்பின், எடுத்த திசுவின் ஒரு பகுதி ஃபார்மலினில் இடப்படாமல் கிருமி வளர்ப்புக்கும் ஜீன்எக்ஸ்பெர்ட் போன்ற மூலக்கூற்றுச் சோதனைக்கும் தனியே அனுப்பப்படல் வேண்டும். ஃபார்மலினில் இட்ட திசுவில் கிருமியை வளர்க்க முடியாது. எளிமையான இச்செய்தி நடைமுறையில் அடிக்கடி மறக்கப்படுகிறது.

ஊசியில் புற்று அகப்படவில்லை என்பது புற்று இல்லை என்பதற்கு முழுச் சான்றாகாது. ஊசி கணுவின் ஒரு சிறு பகுதியையே தொடுகிறது. கிரானுலோமா போன்ற வேறொரு தெளிவான விளக்கம் கிடைத்தால் மட்டுமே ஓரளவு உறுதி பெறலாம். அல்லாதபோது சில வாரங்கள் கழித்து மீண்டும் படம் எடுத்து ஒப்பிடுவது வழக்கம்.

நோயெதிர்ப்புச் சிகிச்சைக்குப் பின்

2020-இல் வெளியான கீநோட்-177 ஆய்வு, மைக்ரோசாட்டிலைட் நிலையின்மை கொண்ட, பரவிய பெருங்குடல் புற்றுநோயில் வேதிச்சிகிச்சையைவிடப் பெம்ப்ரோலிசுமாப் என்னும் மருந்து நோய் வளராமல் நீண்ட காலம் தடுப்பதைக் காட்டியது. இம்மருந்துகள் நிணநீர் அணுக்களின் மீதுள்ள தடையை நீக்கி அவற்றைப் புற்றுக்கு எதிராக ஏவுகின்றன. நெதர்லாந்தில் நடத்தப்பட்டு 2024-இல் வெளியான நிச்-2 ஆய்வில், பரவாத இவ்வகை நோயாளிகளுக்கு அறுவைக்கு முன் இத்தகைய இரு மருந்துகள் கொடுக்கப்பட்டன. ஆராயப்பட்ட 111 பேரில் 75 பேருக்கு, அதாவது 68 விழுக்காட்டினருக்கு, அகற்றிய குடலில் புற்று எதுவும் எஞ்சவில்லை.

எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்து எதிர்வினைக் கணுக்களையும் தூண்டும் என்பதில் வியப்பில்லை. சிகிச்சைக்குப் பின் எடுக்கும் படத்தில் கணுக்கள் பருத்தே இருக்கலாம், புதிதாகவும் தோன்றலாம். சார்க்காய்டு போன்ற எதிர்வினையும் இம்மருந்துகளின் அறியப்பட்ட விளைவாகும். மருந்து பலனளிக்கும் வேளையிலேயே படம் நோய் வளர்வதாகக் காட்டக் கூடும் என்பதால், ஒரு படத்தை மட்டும் கொண்டு மருந்தை நிறுத்துவதற்கு முன் திசு ஆய்வோ மறு படமோ பரிந்துரைக்கப்படுகிறது.

நற்குறியாகும் வீக்கம்

எதிர்வினை வீக்கம் நோயாளிக்கு நன்மையின் அறிகுறியாகலாம் என்ற கருத்து பழமையானது. 1950-களில் மார்பகப் புற்றுநோயில் சைனஸ் ஹிஸ்டியோசைட்டோசிஸ் மிகுந்தவர்கள் நீண்ட நாள் வாழ்வதாக அறிவிக்கப்பட்டது. 1975-இல் வளைகுடற் புற்றுநோயாளிகளின் நடுமடிப்புக் கணுக்களை ஆராய்ந்த ஓர் அமெரிக்க ஆய்வு, எதிர்ப்பாற்றல் செயற்பாடு மிகுந்த கணுக்களை உடையோரின் வாழ்நாள் கூடுதலாக இருப்பதைக் கண்டது. ஜெர்மனியின் அவுக்ஸ்பர்க் நகர நோயியல் ஆய்வாளர்கள் 2010-களில் வெளியிட்ட தொடர் ஆய்வுகள், புற்றற்ற கணுக்களில் 5 மி.மீ.-க்கு மேற்பட்டவை மிகுதியாக உள்ளோருக்கு நோய் மீளும் வாய்ப்பு குறைவு எனக் காட்டின. அதிகக் கணுக்கள் கண்டெடுக்கப்பட்டவர்கள் ஏன் நலமாக இருக்கிறார்கள் என்ற பழைய கேள்விக்கும் இது ஒரு விடையாக முன்வைக்கப்படுகிறது. பருத்த கணுக்களே கைக்கு அகப்படுபவை. ஆகையால் எண்ணிக்கை கூடுவது அறுவையின் நேர்த்தியை மட்டுமன்றி நோயாளியின் எதிர்ப்பாற்றலையும் காட்டுவதாக இருக்கலாம்.

இக்கண்டுபிடிப்பு டி.என்.எம். வகைப்பாட்டில் இடம்பெறவில்லை. எட்டாம் பதிப்பின்படி, புற்றற்ற கணு 4 மி.மீ. ஆயினும் 2 செ.மீ. ஆயினும் என்-0 என்றே பதியப்படும்.